பேராதனையில் நடக்கலாம்: வளாகத்து மாணவருக்கான கேள்வி பதில்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு விடுதியிலோ வாடகை அறையிலோ இருப்பவர்களுக்காக எழுதியது இது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று சமதரையிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வோராண்டும் கேட்கிற கேள்விகளே பெரும்பாலும். சிலவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால் நானே சேர்த்துவிட்டேன்.

நடப்பதற்குத்தான் ஹந்தானை இருக்கிறதே, வேறு இடம் எதற்கு?

ஹந்தானை நல்ல மலைதான். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? வந்த புதிதில் இருபது முப்பது பேர் கூட்டமாகச் சேர்ந்து ஏறுவார்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். படங்கள் கைபேசியில் நிறையும். அத்தோடு நான்கு ஆண்டுக்கான நடை முடிந்துவிடும். பிறகு விடுதி, பீடம், கன்டீன், மறுபடியும் விடுதி.

என் கட்சி வேறு. பேராதனையின் அழகில் பெரும்பங்கு கீழே கிடக்கிறது, ஆற்றோரத்திலும் வயலோரத்திலும். அதைப் பார்க்க மூச்சு வாங்க வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்தால் போதும். மலையை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் போய்விடாது.

விரிவுரை முடிந்து இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டாம், வளாகத்துக்குள்ளேயே நடங்கள். ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம் இது. பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் திட்டமிட்டு, ஷெர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்து, 1952இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் இங்கே குடிபெயர்ந்தது. மலைச்சரிவையும் ஆற்றையும் பார்த்துப் பார்த்து வைத்த கட்டடங்கள் என்பது பஸ்ஸில் போகும்போது தெரியாது, நடந்தால்தான் தெரியும்.

கலஹா சந்தியில் தொடங்கி கலஹா வீதியோடு உள்ளே வாருங்கள். செனற் கட்டடத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்குங்கள். முடிவில் அக்பர் பாலம். மகாவலியின் மேலே பொறியியல் பீடத்துப் பக்கத்தையும் மற்றைய வளாகத்தையும் இணைக்கும் நடைபாலம் அது. பொறியியல் மாணவர்கள் நாளுக்கு இரண்டு தடவை அதன் மேல் ஓடுகிறார்கள். பாதிப் பேர் ஆற்றைப் பார்த்ததே இல்லை. நடுப்பாலத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் குறைந்த நாட்களில் பாறைகள் முதுகு காட்டும். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். மேலே மழை பெய்திருந்தால் அதே ஆறு தேநீர் நிறத்தில் மூங்கில் கழிகளையும் வாழைத் தண்டுகளையும் இழுத்துக்கொண்டு போகும். ஆறு மணி தாண்டியதும் தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். பெரிய, நிதானமான சிறகடிப்பு. கைபேசிக் கெமராவில் அது கரும்புள்ளியாகத்தான் விழும், ஆகவே படம் எடுக்கச் சிரமப்பட வேண்டாம்.

ஒன்று நினைவிருக்கட்டும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் இங்கே பொழுது ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சாயும், சாய்ந்தால் சட்டென்று இருட்டும். அந்திக் கருக்கலை நம்பிப் புறப்படாதீர்கள்.

குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு நடந்து போக முடியுமா?

நடந்துதான் போக வேண்டும், முச்சக்கர வண்டியில் போவது அந்த இடத்துக்குச் செய்கிற அவமரியாதை. மலைச்சரிவில் இருக்கும் கோயில் என்பதால் ஏற்றம் உண்டு. ஆனால் வழி தார்வீதி, சறுக்காது. வெள்ளிக்கிழமை மாலை பூசைக்குக் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வருவது பாதுகாப்பு. கோயில் முற்றத்தில் நின்று கீழே பார்த்தால் வளாகம் முழுவதும் மரங்களுக்குள் ஒளிந்திருப்பது தெரியும். உங்கள் விடுதிக் கூரையைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கும். முருகனில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஏற்றத்தைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். இங்கே மூச்சு முட்டினால் ஹந்தானைக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

தாவரவியல் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்துப் போவது வீண்செலவு அல்லவா? அது சுற்றுலாப் பயணிகளுக்கானது தானே?

நண்பகலில் போனால் அப்படித்தான் இருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து இறங்குவார்கள், காதலர்களுக்கு ஒரு மரமும் மிஞ்சாது. காலை 7.30க்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் 147 ஏக்கரும் உங்களுடையது. உள்ளூரவர் கட்டணம் வெளிநாட்டவர் கட்டணத்தைவிட மிகக் குறைவு.

மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிற நிலத்தில் 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய பூங்கா இது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இங்கேதான் இயங்கியது. ஓர்க்கிட் இல்லத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். அதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்வது ஆற்றங்கரையை ஒட்டிய வெளிச்சுற்று. இராட்சத மூங்கில்கள் அங்கேதான். மழைக்காலத்தில் புதிதாக முளைத்த குருத்து ஒரே நாளில் ஓரடி உயர்ந்துவிடும். காற்றே இல்லாத காலையிலும் உயரத்தில் கழிகள் ஒன்றோடொன்று உராய்ந்து முனகும்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் பனை வரிசையைத் தேடிப் போங்கள். ஊரில் வேலிக்கு அப்பால் காடாக நிற்கிற மரம் இங்கே இருபுறமும் அளவெடுத்து, பெயர்ப் பலகை மாட்டி, சாலை அமைத்து நிற்கிறது. நுங்கு வெட்ட ஆள் இல்லை. சிரிப்பும் வரும், கொஞ்சம் ஊர் நினைவும் வரும்.

பூங்காவுக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்கும் பேராதனைப் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1833இல் இங்கே முதிரை மரத்தால் ஒரு வளைவுப் பாலம் கட்டினார்கள். ஆணியே அடிக்காமல், இடையில் தூணும் இல்லாமல் ஆற்றைத் தாண்டிய பாலம். 1905 வரை அது வண்டிகளைச் சுமந்தது. இப்போது இருப்பதைப் பற்றி அப்படியெல்லாம் பெருமை பேச முடியாது, வாகன நெரிசலைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் இருக்கிறது. ஒரே ஒரு நடை சொல்லுங்கள் என்றால்?

யோசிக்கவே மாட்டேன், மூன்று கோயில் நடை. எம்பெக்கையில் தொடங்கி, லங்காதிலக வழியாக, கடலாதெனியாவில் முடிவது. மூன்றும் கம்பளை இராசதானிக் காலத்தவை, பதினான்காம் நூற்றாண்டு. கண்டியிலிருந்து பேராதனை வழியாக எம்பெக்கைக்குப் பஸ் போகிறது. அங்கே இறங்கினால் லங்காதிலகவுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், அங்கிருந்து கடலாதெனியாவுக்கு மூன்று, பிறகு கொழும்பு–கண்டி வீதிக்கு இரண்டுக்கும் குறைவு. கூட்டிப் பார்த்தால் ஆறரைக்குள் அடங்கும். ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள்.

எம்பெக்கையில் வழிபடப்படுபவர் கதிர்காமக் கடவுள், அதாவது நம் முருகன்தான். கோயிலை எழுப்பியவன் மூன்றாம் விக்கிரமபாகு. மேளம் கொட்டும் மண்டபத்தில் வேங்கை மரத் தூண்கள். ஒவ்வொன்றிலும் சதுரச் சதுரமாகச் செதுக்கல்கள். மல்யுத்தம் செய்யும் இருவர், கழுத்தைப் பின்னிக்கொண்ட அன்னங்கள், இரட்டைத் தலைப் புள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். எண்ணெய் காட்டியதுபோல் மெருகேறிய மரம், விளிம்புகள் மட்டும் கைபட்டுத் தேய்ந்திருக்கும். வருகிறவர்களில் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஒரு தூணின் நான்கு பக்கத்தையும் பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்: 26 கைமரங்கள் ஒரே ஒரு மர ஆணியில் வந்து கூடுகின்றன. கட்டடப் பொறியியல் படிக்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், அவர்களை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

அடுத்த ஒன்றரைக் கிலோமீற்றர்தான் இந்த நடையின் உயிர். வயல், வரம்பு, வீட்டு முற்றங்கள், கமுகு, மிளகுக்கொடி. எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று பாறை உச்சியில் தெரியத் தொடங்கும். அதுதான் லங்காதிலக. வயல் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தாக ஏறும். உள்ளே புத்தர் சிலை. வெளிச்சுற்றில் கணபதி, விபீடணன், கந்தகுமாரன் முதலிய தெய்வங்களுக்கான சந்நிதிகள். 1344இல் எழுந்த இந்த விகாரையைக் கட்டிய ஸ்தபதி இராயர் தென்னிந்தியர் என்பது மரபு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாறையில் வெட்டிய சாசனத்தைத் தேடுங்கள். சிங்களத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் தமிழில் ஒன்று. அறுநூற்றெழுபது ஆண்டுக்கு மேலாக வெயிலும் மழையும் பட்ட எழுத்து. சரளமாக வாசிக்க வராது, ஆனால் சில எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடும். இரண்டு மொழியிலும் அறிவிப்புப் பலகை வைப்பது பற்றி இந்த நாட்டில் இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது. 1344இல் அதை ஒரு பாறையில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடலாதெனியாவும் அதே ஆண்டுதான். முழுக்கக் கல், தூணும் வாசலும் தமிழ்நாட்டுக் கோயிலுக்குள் நுழைகிற உணர்வைத் தரும். கட்டியவர் பெயர் கணேசுவராசாரி, காரணம் புரிகிறது. பாறைப் பள்ளங்களில் மழைநீர் தேங்கி அல்லி பூத்திருக்கும். அங்கிருந்து பெருவீதிக்கு இறங்கும் வழியில் பித்தளை வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. குத்துவிளக்குகள் முற்றத்தில் வரிசையாக நிற்கும். வாங்கவில்லை என்றாலும் வேலையைப் பார்க்க விடுவார்கள்.

இந்த நடையில் கவனிக்க வேண்டியது?

தோளும் முழங்காலும் மூடிய உடை. மூன்று இடத்திலும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், ஆகவே கயிறு கட்டும் சப்பாத்து தொல்லை. நண்பகலில் கருங்கல் தரை பாதத்தைச் சுட்டுவிடும். ஒரு சோடிக் காலுறை போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள், அது இங்கே பெரிய குற்றமாகக் கொள்ளப்படும். இடையில் பெரிய உணவகம் எதுவும் இல்லை. விடுதியிலிருந்து ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் வயலோரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். பொலித்தீனை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

சிங்களம் சரளமாக வராது. ஊருக்குள் வழி கேட்பது எப்படி?

தயங்காமல் கேளுங்கள். "லங்காதிலகட்ட யன பார கொயி எகத?" என்றால் லங்காதிலகவுக்குப் போகும் வழி எது என்று பொருள். பதிலில் மூன்று சொல்லைப் பிடித்தால் போதும்: "கெலின்ம" நேரே, "வமட்ட" இடப்பக்கம், "தகுணட்ட" வலப்பக்கம். "லங்க" என்றால் கிட்டத்தான் என்பார்கள், ஆனால் கிராமத்துக் கிட்டம் சில வேளை இரண்டு கிலோமீற்றர். பிழையாகப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஒரு பாட்டி உங்களோடு சந்தி வரை நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார், எந்த ஊர், எந்தப் பீடம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாம் விசாரித்தபடி.

சரி, ஹந்தானை ஏறத்தான் போகிறோம். எப்படி?

ஏழு சிகரங்கள் கொண்ட தொடர் அது. உயர்ந்தது ஊருகெட்டகல, தொடரின் உச்ச உயரம் ஏறத்தாழ 3,800 அடி. 2010 பெப்ரவரியில் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, மூடுபனியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடத்தில் முன்னால் போகிறவரின் பை மறைந்துவிடும். மலையில் வழி தவறி, இருட்டில் மாட்டிக்கொண்ட மாணவர்களைத் தேடிப் பொலிசாரும் ஊர்க்காரரும் ஏறிய சம்பவங்கள் உண்டு. அவர்களில் எவரும் முட்டாள்கள் அல்லர். பிற்பகலில் புறப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். முன்பு போய்வந்த ஒருவராவது கூட இருக்க வேண்டும். ஆறேழு பேர் நல்ல எண்ணிக்கை. கூட்டம் பெருத்தால் முன்னால் போகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் பிரிந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். பனி மூடினால் நடக்காதீர்கள், இருந்த இடத்திலேயே இருங்கள், விலகும்.

பைனஸ் காட்டுக்குள் ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும், அழகாகத் தெரியும். இறங்கும்போது அதுவே சறுக்கும். அதைத் தாண்டினால் ஆளுயர மானாப்புல், கையைக் கீறிவிடும். முழுக்கைச் சட்டை அணியுங்கள். வரட்சிக் காலத்தில் இந்தப் புல்லில் தீ பிடித்தால் மலையின் ஒரு பக்கமே கருகிவிடும். மேலே தேநீர் கொதிக்க வைக்கலாம் என்று அடுப்பு தூக்கிக்கொண்டு போகிற ஆசையை விட்டுவிடுங்கள். சிகரெட்டும் அப்படித்தான்.

அட்டைக்கு என்ன செய்வது?

வெறுக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. ஈர இலையின் நுனியில் ஊசி போல நிமிர்ந்து நின்று, மூச்சுச் சூட்டை மோப்பம் பிடிப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். காலில் ஏறியதும் வளைந்து வளைந்து அளந்தபடி மேலே போகும். கடிப்பது தெரியாது. இரத்தம் உறையாதபடி அதன் எச்சில் தடுப்பதால், அட்டை விழுந்த பிறகும் நெடுநேரம் கசியும். வெள்ளைக் காலுறை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் அலறுகிறார்கள்.

காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். சித்தாலேபக் களிம்பு தடவுகிறவர்களும் உண்டு. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தை வாய்ப் பக்கம் வைத்துச் சாய்வாக நகர்த்தினால் கழன்றுவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

குளவி?

இதற்குத்தான் பயப்பட வேண்டும். தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் ஆண்டுதோறும் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகிறார்கள், இறப்புகளும் நேர்கின்றன. மரக்கிளையில், பாறை மடிப்பில் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் வேறு வழியாகப் போங்கள். கல் எறிகிறவன் கூட வந்தால் அடுத்த முறை அவனைச் சேர்க்காதீர்கள். கூடு கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று கையை வீசாதீர்கள். பல இடத்தில் கொட்டினாலோ மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கலாமா?

பொதுப் பாதையில் நடக்கலாம். மலைகளுக்கு நடுவே தோட்டம் கடந்து போகிற பாதைகள் பல. ஆனால் மலையகத்து மாணவர் ஒருவரோடு போங்கள், அப்போதுதான் கண் திறக்கும். எது கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்த மலை, எது கொழுந்து எடுக்கும் மலை, பெயர்ப்பதிவு எப்போது, நாட்சம்பளத்துக்கு எத்தனை கிலோ என்றெல்லாம் அவர் சொல்வார்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. லயத்து முற்றம் ஒருவருடைய வீட்டு முற்றம். கேட்காமல் படம் எடுப்பதும், கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கூடையோடு நிற்கச் சொல்வதும் வேண்டாம். 2023இல், மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்து வந்த வழியை மறுபடி நடந்தார்கள். அந்த மக்கள் வெட்டிய பாதைகள்தாம் நீங்கள் இன்று காற்று வாங்க நடக்கிறவை. வரலாற்றைக் கட்டடத்துக்குள் பார்க்க விரும்பினால் ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து ஏறுவது சுலபம்.

கண்டி நகருக்குள் நடக்க இடம் உண்டா, அல்லது கடை வீதி மட்டுந்தானா?

வாவியைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றர் சொச்சம். காலை ஆறரைக்கு முன் நல்ல நடை, ஏழரைக்குப் பிறகு புகை. 1807இல் இதை வெட்டுவித்தவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். நாயக்கர் வம்சம், பிறந்தபோது பெயர் கண்ணுசாமி, ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தி 1832இல் அங்கேயே இறந்தவன்.

அதைவிட எனக்குப் பிடித்தது தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் உடவத்தகலே. நூறு ஹெக்டேயருக்குச் சற்று மேற்பட்ட காடு, 1938இலிருந்து சரணாலயம். வாசலில் டிக்கெட் உண்டு. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் பஸ் ஹோர்ன் அடங்கிவிடும். மரங்களைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடக்கும் இராட்சதக் கொடி, குளத்தோரத்தில் ஆமைகள். குரங்குகள் பையைப் பிடுங்கும், பிஸ்கட் பக்கற்றை வெளியே எடுக்காதீர்கள்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

வளாகத்துப் பெருவீதிகளில், பகல் வெளிச்சத்தில், தாராளமாக. பூங்காவிலும் அப்படியே. ஆற்றோரத்து ஒதுக்குப் பாதைகளும் உடவத்தகலேயின் உட்பாதைகளும் இருவராவது சேர்ந்து போக வேண்டியவை. ஹந்தானை யாருக்கும் தனியாகப் போகும் இடம் அல்ல, ஆணுக்கும் அல்ல. யாராவது பின்தொடர்ந்தாலோ தொல்லை தந்தாலோ 119 பொலிஸ், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். இன்னொன்று: விடுதிக்கு ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் தெருவிளக்கு எரியாததைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. வானம் தெளிவு, பாதை உலர்வு, அட்டை குறைவு. ஏப்ரலிலும், மறுபடி ஒக்டோபர் நவம்பரிலும் காலை வெயில் அடிக்கும். பிற்பகலில் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் மலை முகட்டில் மதியத்துக்குப் பின் நிற்கவே கூடாது, மின்னல். இடையில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தூறல் விட்டு விட்டு நாள் முழுவதும் இருக்கும். குடையோடு வளாகத்துக்குள் நடக்கலாம், ஏற்றங்களை விட்டுவிடுங்கள். தொடர்ந்து கனமழை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக மண்சரிவு எச்சரிக்கை விடும். உங்கள் பிரதேச செயலகப் பெயர் அதில் இருந்தால் நடை இரத்து, வாதமே வேண்டாம்.

நடந்து களைத்த பிறகு மகாவலியில் குளிக்கலாமா?

வேண்டாம். மேலே அமைதி, அடியில் இழுப்பு. மேற்புறத்தில் கொத்மலை அணையின் கதவுகளைத் திறந்தால் உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாவிட்டாலும் ஆறு உயரும். கரையோர எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல.

நாய் கடித்தால்?

சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வளர்ப்பு நாய் என்று உரிமையாளர் சொன்னாலும் போங்கள்.

தண்டவாளத்தில் நடந்தால் குறுக்கு வழி, காட்சியும் அருமை என்கிறார்களே?

சட்டப்படி குற்றம், அதோடு வளைவுகளில் புகையிரதம் கேட்பதற்கு முன் வந்துவிடும். பாலத்தின் மேல் ஒதுங்க இடமே இல்லை. காட்சி வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து யன்னலோரம் உட்காருங்கள்.

அப்படியானால் புகையிரதத்தில் போய் நடந்து வரக்கூடிய இடம்?

வளாகத்தை ஒட்டியே சரசவி உயன நிலையம் இருக்கிறது. கொழும்புப் பக்கம் போக பேராதனைச் சந்தி நிலையம். எளிய நாள் வேண்டுமானால் கடுகண்ணாவையில் இறங்குங்கள். நிலையத்தை அடுத்துப் புகையிரத அருங்காட்சியகம். பெருவீதிக்குப் போனால் கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம். அங்கிருந்து கீழ்நோக்கி நடந்தால் பாறையைக் குடைந்து போட்ட பழைய வீதி. லொறிகள் உரசிக்கொண்டு போகும், ஒற்றை வரிசையில் நடங்கள். தெளிந்த காலையில் பத்தலேகல மலை பெட்டி வடிவில் எதிரே நிற்கும்.

கால் பலம் உள்ளவர்கள் இன்னும் கீழே இஹல கோட்டே நிலையத்துக்குப் போகலாம். அலகல்ல மலையின் ஏற்றம் அங்கே தொடங்குகிறது. 1,140 மீற்றர் உயரம், பாறை முகங்கள் செங்குத்து. ஹந்தானைக்குச் சொன்ன எல்லா விதியும் இங்கே இரட்டிப்பு. அந்தச் சிறிய நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்பதில்லை. இறங்கும்போதே நிலைய அதிபரிடம் திரும்பி வரும் வண்டியின் நேரத்தைக் கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.